பட்டன், பக்கிள், கொக்கி: வயலில் கிடைப்பதற்கு வயது சொல்வது எப்படி

இங்கிலாந்தில் உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களின் பையில் காசுகளைவிட அதிகம் சேர்வது பட்டன்கள்தான். அடுத்த இடம் உடைந்த பக்கிள்களுக்கு. பலர் இரண்டையும் குப்பை டப்பாவில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் முகப்பில் இருக்கும் பூவையோ நட்சத்திரத்தையோ படம் எடுத்து, இது எந்தக் காலம் என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பூவும் நட்சத்திரமும் பல நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்துபோன அலங்காரங்கள். மாறிக்கொண்டே வந்தது பின்புறம். நூல் கோக்கும் காதை எப்படி வைத்தார்கள், பக்கிள் ஊசியை எதில் மாட்டினார்கள், தகட்டை எப்படி மடித்தார்கள் என்பதில்தான் காலம் தெரியும். முன்பக்கம் வாங்கியவரின் ஆசை, பின்பக்கம் செய்தவரின் தொழில். வயது தொழிலில்தான் இருக்கிறது.

இவ்வளவு பட்டன் வயலுக்கு எப்படி வந்தது என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். உழைப்பவர் சட்டையிலிருந்து அறுந்து விழுந்தவை கொஞ்சம்தான். ஊர்க் கழிவும் சாணக் குவியலும் வண்டி வண்டியாக வயலுக்கு எருவாகப் போனபோது வீட்டுக் குப்பையும் கூடவே போனது. 19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு வழியும் திறந்தது. யார்க்‌ஷயரில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுநூல் நூற்கும் ஆலைகள் இருந்தன. அவற்றின் கழிவை 'ஷாடி' என்பார்கள். கம்பளியில் நைட்ரஜன் உண்டு, மெதுவாக மக்கும். அதனால் கென்ட் பகுதியில் பீருக்கான ஹாப் கொடி வளர்க்கும் தோட்டங்கள் வரைக்கும் அது உரமாகப் போனது. கழித்துப்போட்ட ராணுவக் கோட்டுகளும் அதில் அடக்கம். ஆகவே ஒரே வயலில் ஐந்தாறு படைப்பிரிவுகளின் பட்டன் கிடைத்தால் அங்கே போர் நடந்தது என்றோ முகாம் இருந்தது என்றோ கதை கட்ட வேண்டாம். உரம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மேசைக்கு வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பர், 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், பக்கவாட்டில் திருப்பக்கூடிய விளக்கு. விளக்கை நேர் மேலே பிடித்தால் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். மேசை மட்டத்துக்கு இறக்கி, பொருளை மெதுவாகச் சுழற்றினால் எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாகத் தெரியவரும். இதற்கு முன் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். தங்க முலாம் எஞ்சியிருந்தால் அது காதைச் சுற்றியுள்ள பள்ளத்தில்தான் இருக்கும், அழுத்தித் தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

பட்டன்

மிகப் பழைய உலோகப் பட்டன்கள் சிறியவை, கனமானவை. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் உடம்போடு ஒட்டிய உடை வந்தபோது சட்டையின் முன்பக்கமும் முழங்கைக்குக் கீழும் வரிசையாகப் பட்டன் வைத்தார்கள். விட்டம் பெரும்பாலும் 8 முதல் 15 மி.மீ. தான். முகமும் காதும் ஒரே வார்ப்பு. காது ஒரு சின்ன மொட்டாக நிற்கும், நடுவில் ஓட்டை துளைத்திருப்பார்கள் அல்லது வார்ப்பிலேயே விட்டிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் காதின் மேலிருந்து முகத்தின் ஓரம்வரை ஓடும் மெல்லிய கோடு தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. இந்த ஒரே வார்ப்பு முறை 17-ஆம் நூற்றாண்டுவரை வந்திருக்கிறது. அதனால் இதை மட்டும் வைத்து நூற்றாண்டைக் குறுக்கிவிட முடியாது. 'இடைக்காலம் முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை' என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பொய்யாகத் துல்லியம் காட்டுவதைவிட அது மேல்.

அதே காலத்தின் பிற்பகுதியில் உள்ளீடற்ற பட்டன்கள் வருகின்றன. இரண்டு அரைக்கோளத் தகடுகளை விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த ஒரு வகையில் பின்பக்கத்தில் காதுக்கு இருபுறமும் இரண்டு பொடித் துளைகள் இருக்கும். தையல் துளை என்று பலர் எழுதுகிறார்கள், இல்லை. பற்றவைக்கும்போது உள்ளே சூடான காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு வெடித்துப் பிரியும். அதற்காகப் போட்ட துளை. நூல் துளையென்றால் அதன் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும், காற்றுத் துளையின் ஓரம் அப்படியே கூர்மையாக இருக்கும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது டாம்பாக் என்னும் செம்பு, துத்தநாகக் கலவையில் செய்த பட்டனில். தட்டையான வட்டு, வெள்ளி கலந்த சாம்பல் நிறம், முந்நூறு ஆண்டு மண்ணில் கிடந்தும் களிம்பே ஏறாமல் வழவழப்பாக வரும். நேற்று விழுந்தது போல இருப்பதால் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் இது ஏறத்தாழ 1720 முதல் 1780 வரையான சரக்கு. பின்பக்கத்தைப் பாருங்கள்: கம்பிக் காது ஒரு கூம்பு மேட்டிலிருந்து முளைத்து வரும். கம்பியை அச்சில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றி உலோகத்தை ஊற்றியதால் வந்த மேடு அது. மேட்டைச் சுற்றி ஒரே மையம் கொண்ட வட்டக் கீறல்கள் ஓடும். வார்த்தபின் கடைசலில் பிடித்துப் பின்பக்கத்தைச் சமன்செய்த தடம். மேடும் வட்டக் கீறலும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். கம்பிக் காது பெரும்பாலும் போயிருக்கும், மேட்டின் நடுவில் துருவோ பச்சையோ ஒரு புள்ளியாக நிற்கும்.

18-ஆம் நூற்றாண்டிலேயே இன்னொரு வகை: எலும்பிலோ மரத்திலோ செய்த வட்டு, அதன்மேல் அச்சு அடித்த மெல்லிய தகட்டு முகம். வட்டில் நான்கு துளை, அதன் வழியாகக் குடல்நரம்புக் கயிறு. மண்ணில் மரமும் கயிறும் மக்கிப்போகும். உங்களுக்குக் கிடைப்பது கசங்கிய தகடு மட்டும். சாக்லேட் சுற்றிய காகிதம் என்று கசக்கி எறிவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். விளிம்பு உள்பக்கமாகச் சீராக மடிந்திருந்தால், நடுவில் அச்சுக் கோலம் தெரிந்தால், அது பட்டன் முகம். பிரித்து நிமிர்த்த முயலாதீர்கள், மடிப்பில் பிளக்கும்.

வயலில் மிகுதியாகக் கிடைப்பது தட்டை வட்டுப் பட்டன். ஏறத்தாழ 1770-இல் தொடங்கி 1820-கள் வரை இதன் ஆட்சி. 15 மி.மீ. சிறிய அளவு உட்சட்டைக்கு, 25 முதல் 35 மி.மீ. வரை பெரியது கோட்டுக்கு. காதைத் தனியாகக் கம்பியில் வளைத்துப் பின்பக்கத்தில் பற்றவைத்திருப்பார்கள். கம்பியின் இரண்டு முனையும் சேர்ந்து ஒரே புள்ளியில் ஒட்டியிருந்தால் பொதுவாக முந்தியது. முனைகள் பாதம்போல வெளிப்பக்கம் விரிந்து ஒட்டியிருந்தால் பொதுவாக 19-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. இரண்டு முறையும் சில காலம் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் நடந்ததால் இதை ஆதாரமாக வைத்துச் சண்டை போட முடியாது. காது உடைந்த பட்டனில் பற்றவைத்த வடு மட்டும் வட்டமாக இருக்கும். இந்த வடுவை வைத்து இதை மொழுமொழுத்த காசு என்று நினைப்பவர்களும் உண்டு. காசின் பின்பக்கத்தில் நட்டநடுவே மேடான வடு இருக்காது.

பின்பக்கத்தில் எழுத்து தெரிந்தால் வேலை சுலபம். 'கில்ட்' (தங்க முலாம்), 'டிரெபிள் கில்ட்', 'பெஸ்ட் குவாலிட்டி', 'எக்ஸ்ட்ரா ரிச்', 'ஸ்டாண்டர்டு கலர்' போன்ற தரச் சொற்கள் காதைச் சுற்றி வட்டமாக அடித்திருக்கும், சிலதில் இலை மாலையோடு. பர்மிங்ஹாம் பட்டறைகள் முலாமே இல்லாத சரக்கை முலாம் என்று விற்றுப் பெயரைக் கெடுத்ததால் 1796-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது: ஓர் அங்குல விட்டமுள்ள 144 பட்டனுக்குக் குறைந்தது 5 கிரெய்ன் தங்கம் ஏறியிருந்தால்தான் 'கில்ட்' என்று அடிக்கலாம். 5 கிரெய்ன் என்றால் கிராமில் மூன்றில் ஒரு பங்கு. 144 பட்டனுக்கு அவ்வளவுதான் தங்கம் என்னும்போது அது மண்ணில் எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தரச் சொல் இருக்கும் பட்டனை ஏறத்தாழ 1800 முதல் 1850 வரை என்று வைக்கலாம்.

1813-இல் பர்மிங்ஹாமில் பெஞ்சமின் சாண்டர்ஸ் இரண்டு தகட்டை விளிம்பில் மடித்து இறுக்கிச் செய்யும் பட்டனைக் கொண்டுவந்தார். பற்றவைப்பு தேவையில்லை, அச்சு அழுத்தமே போதும். உங்கள் பட்டனின் பின்புற ஓரத்தில் முன்தகடு நகம்போல மடிந்து பின்தகட்டைக் கவ்வியிருந்தால் அது இந்தத் தேதிக்குப் பிந்தியது. கிடைக்கும் சீருடைப் பட்டன்களில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும். தயாரிப்பாளர் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று சுருக்கமாகவோ முழுதாகவோ வந்தால் 1855-க்கு முன் போகவே முடியாது, வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வந்தது அந்த ஆண்டில்தான். சாய்சதுரக் குறிக்குள் எழுத்தும் எண்ணும் இருந்தால் வடிவமைப்புப் பதிவு முத்திரை, 1842 முதல் 1883 வரை. அதற்குப் பிறகு வெறும் பதிவு எண்.

நான்கு துளை போட்ட தட்டைப் பித்தளைப் பட்டன் கால்சட்டைக்கு உரியது, கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரை மாட்டுவது. ஓரத்தில் தையல்காரர் பெயரும் தெருப் பெயரும் அடித்திருக்கும். விக்டோரியா காலக் கடைசியிலிருந்து முதல் உலகப்போருக்குப் பின்வரை இது கொட்டிக்கிடக்கிறது. விலை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தத் தையல்காரர் அந்தத் தெருவில் எந்த ஆண்டு இருந்தார் என்பதைப் பழைய வணிக விலாசப் புத்தகத்தில் தேடினால், வயலில் கிடைக்கும் எந்தப் பட்டனையும்விட நெருக்கமான தேதி இதற்குத்தான் கிடைக்கும். குப்பை டப்பாவிலிருந்து நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

முகப்பில் விலங்குத் தலையோ கையோ இருந்து, அதற்குக் கீழே முறுக்கிய கயிறு போன்ற சின்னப் பட்டை இருந்தால் அது குடும்பச் சின்னம். பணக்கார வீட்டு வண்டிக்காரருக்கும் வேலையாட்களுக்கும் கொடுத்த சீருடைப் பட்டன். கயிறு இல்லாமல் வெறும் நரி, வெறும் எழுத்துகள் என்றால் பெரும்பாலும் வேட்டைச் சங்கம்.

ராணுவப் பட்டனில் மட்டும் முகப்பும் பேசும். ஏனென்றால் அதை அரசாணை எழுதியிருக்கிறது. 1767 ஆணைக்குப் பிறகே காலாட்படைப் பட்டனில் படைப்பிரிவு எண் வருகிறது. சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவையான பியூட்டர், 1855-இல் அது பித்தளையானது. 1871-இல் எண்ணை எடுத்துவிட்டு அரச சின்னம் பொறித்த பொதுப் பட்டனைக் கொடுத்தார்கள். 1881-இல் படைப்பிரிவுகளை மாற்றியமைத்தபோது அதிகாரிகளின் பட்டனிலும் எண் போய் மாவட்டப் பெயர்கள் வந்தன. ஆகவே எண் இருக்கும் பியூட்டர் பட்டனுக்கு இரண்டு எல்லையும் தெரிந்துவிடுகிறது: 1767, 1855. அரச சின்னத்தில் பிரான்சின் லில்லிப் பூ இருந்தால் 1801-க்கு முந்தியது. கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கினால் விக்டோரியா அல்லது இரண்டாம் எலிசபெத், குவிந்து உருண்டிருந்தால் பெரும்பாலும் 1901 முதல் 1952 வரையான அரசர்கள். இரண்டு ராணிகளையும் பிரிப்பது பின்பக்கம்தான். 1950-களிலிருந்து வந்தது தேய்க்கத் தேவையில்லாத பளபள அலுமினியம், கையில் எடுத்தாலே எடை இல்லாதது தெரிந்துவிடும்.

பின்னங்கால்களில் நின்றபடி கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். கம்பெனியின் ராணுவப் பயிற்சிக் கல்லூரி 1809 முதல் 1861 வரை கிராய்டனுக்கு அருகில் அடிஸ்கோம்பில் இருந்தது. அங்கே படித்துச் சென்னைப் படைக்கும் வங்காளப் படைக்கும் போனவர்கள் ஏராளம். ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களும் உண்டு. ஆங்கில வயலில் இந்தச் சிங்கம் கிடைப்பதில் மர்மம் எதுவும் இல்லை.

பக்கிள்

பக்கிளில் மூன்று பாகத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: சட்டம், ஊசி தொங்கும் குறுக்குத்தண்டு, ஊசி. முதல் கேள்வி எப்போதும் தண்டைப் பற்றியது. தண்டு சட்டத்தோடு சேர்த்து வார்த்ததா, அல்லது சட்டத்தில் துளையிட்டுத் தனித் தண்டைச் செருகியதா? சேர்த்து வார்த்தது இடைக்காலத்திலும் அதற்குப் பிறகும் உண்டு. துளையிட்டுச் செருகியது பெரும்பாலும் 1660-க்குப் பிந்தியது. இந்த ஒரு பார்வையிலேயே டப்பாவில் இருப்பது இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும்.

சேர்த்து வார்த்தவற்றில், ஒற்றை வளையமாக முன்விளிம்பு தடித்து, ஊசி முனை உட்கார ஒரு பள்ளத்தோடு இருப்பவை ஏறத்தாழ 1250 முதல் 1400 வரை. பின்னால் மடித்த தகடு இருந்திருக்கும், வார் அதற்குள் செருகி ஆணியடித்திருக்கும். மூக்குக்கண்ணாடிபோல இரண்டு வளையமும் நடுத்தண்டுமாக இருப்பவை 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீள்கின்றன. நடுத்தண்டில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருப்பதைக் கவனியுங்கள். ஊசி ஆயிரக்கணக்கான தடவை திரும்பிய இடம் அது. ஊசி இரும்பாக இருந்து துருப்பிடித்து உதிர்ந்திருந்தாலும் தண்டில் செம்பழுப்புக் கறை விட்டுப்போயிருக்கும். அதைக் கழுவி எடுத்துவிட்டால் ஊசி எதில் செய்தது என்ற தகவலும் போய்விடும்.

இப்போது ஷூ பக்கிள். வயலில் கிடைக்கும் பக்கிள் துண்டில் இதுதான் அதிகம், அதிகம் தவறாக அடையாளம் காணப்படுவதும் இதுதான். நாட்குறிப்பால் புகழ்பெற்ற லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1660 ஜனவரி 22 அன்று, இன்று முதல் ஷூவுக்குப் பக்கிள் போடத் தொடங்கினேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து நூற்று முப்பது ஆண்டு இந்த மோகம் நீடித்தது. ஷூ நாடா வந்து அதை விரட்டியபோது 1791-இல் பக்கிள் தொழிலாளர்கள் வேல்ஸ் இளவரசரிடம் மனு கொடுத்துப் பார்த்தார்கள். இளவரசர் தாமும் அணிந்து தம் வீட்டாரையும் அணியச் சொன்னார், நாகரிகம் கேட்கவில்லை.

முதல் தலைமுறை ஷூ பக்கிள் சிறியது, ஏறக்குறையத் தட்டை. பிறகு பெரிதாகிக்கொண்டே வந்து 1770, 80-களில் காலின் அகலத்தையே மூடுமளவு ஆனது. பெரியதெல்லாம் வளைந்திருக்கும், பாதத்தின் மேட்டில் உட்கார வேண்டுமே. சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் தடிப்பு, அந்தத் தடிப்பில் ஒரு துளை, துளைக்குள் இரும்புத் துரு. இந்தத் தடிப்பில்தான் சட்டம் உடையும், ஏனென்றால் துளை போட்டதால் உலோகம் அங்கே குறைவு, உள்ளே துரு பொங்கும்போது பிளக்கிறது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது வளைந்த அலங்காரத் துண்டு ஒன்று, ஒரு முனையில் பாதித் துளையோடு. இதைச் சாக்ஸன் காலத்து ப்ரூச் (உடையில் குத்தும் அணி) துண்டு என்று பதிவிடுபவர்கள் வாரம் ஒருவராவது இருக்கிறார்கள். பாதித் துளையும் துருக்கறையும் வளைவும் சேர்ந்தால் 18-ஆம் நூற்றாண்டு ஷூ பக்கிள், வேறெதுவும் இல்லை.

தண்டில் சுழலும் உள்பாகம் தனியாகவும் கிடைக்கும். ஒரு பக்கம் இரட்டை முள், மறுபக்கம் வாரில் குத்திப் பிடிக்கும் பாகம். அந்தப் பிடி குமிழாக இருந்தால் 17-ஆம் நூற்றாண்டின் கடைசி, 18-இன் தொடக்கம். நங்கூர வடிவம் அதையடுத்து வருகிறது. பிறகு வந்தது அகன்ற வளையம். முழங்கால் பக்கிளும் இதே கட்டுமானம்தான், ஆனால் அளவில் சின்னது. தண்டு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்: ஷூ பக்கிளில் சட்டத்தின் குறுகிய பக்கத்துக்கு இணையாக, முழங்கால் பக்கிளில் நீண்ட பக்கத்துக்கு இணையாக. உள்பாகத்தில் மூன்று நான்கு சின்னக் குமிழ் வரிசையாக இருந்தால் அது கழுத்துத் துணியைப் பின்னால் மாட்டும் பக்கிள். துணியில் பட்டன் துளை போட்டு அந்தக் குமிழ்களில் மாட்டுவார்கள்.

கனத்த, அலங்காரமற்ற, 10 கிராமைத் தாண்டும் முரட்டுப் பக்கிள் பெரும்பாலும் குதிரைச் சேணத்துடையது, உடையோடு சம்பந்தமில்லாதது. பித்தளைச் சட்டத்தில் உருளை மாட்டியிருந்தால் வார் இழுபட வழுக்கிப்போக வைத்தது, அதுவும் பெரும்பாலும் சேணம்தான்.

கொக்கி, குழல், மற்றவை

ஆங்கிலோ-சாக்ஸன் காலக் கொக்கி மெல்லிய தகடு. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை. முக்கோணம் அல்லது வட்டம், மேலே இரண்டு தையல் துளை, கீழே தகடே மெலிந்து கொக்கியாகப் பின்னால் வளையும். டியூடர் காலக் கொக்கி வார்ப்பு, மேலே துணிப்பட்டை நுழைய நீள்சதுரக் கண், முகத்தில் பூவும் குமிழும், பின்னால் கூரான கொக்கி. 16-ஆம் நூற்றாண்டில் தூக்கிச் செருகிய பாவாடையைப் பிடித்து வைத்தது போன்ற வேலைகள். கொக்கி முனை உடைந்திருந்தால் டியூடர் கொக்கியை வார் அலங்காரம் என்று எழுதிவிடுவார்கள். பின்பக்கம் கீழே உடைந்த அடித்தண்டு இருக்கிறதா பாருங்கள். சாக்ஸன் தகட்டில் இரண்டு துளைகளில் ஒன்று கிழிந்து போயிருப்பது வழக்கம்.

நாடா முனைக் குழல் 20 முதல் 30 மி.மீ. நீளத் தகட்டுச் சுருள், 14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை. ஷூ நாடா நுனியில் இருப்பதுபோலவே, உடையைக் கட்டிய கயிற்றின் நுனியில். குழலுக்குள் மண்ணைக் குத்தி எடுக்காதீர்கள், களிம்பு காப்பாற்றிய நூல் உள்ளே இருக்கலாம். வெள்ளிக் கைப்பட்டன் ஒன்றில் கிரீடத்துக்குக் கீழே இரண்டு இதயம் தெரிந்தால் இரண்டாம் சார்லஸ், போர்ச்சுகலின் கேத்தரின் திருமணம் நினைவுக்கு வர வேண்டும், 1662. அந்தக் கோலம் பிறகும் சில காலம் ஓடியது.

பிரஸ் பட்டன் 1885-க்குப் பிந்தியது, ஜீன்ஸ் ரிவெட் 1873-க்குப் பிந்தியது. ஜிப் இப்போதைய வடிவத்தில் 1917-இல் காப்புரிமை பெற்றது. ஒய்.கே.கே. எழுத்துள்ள ஜிப் இழுப்பானைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்வதும் பதிவதும்

வினிகர், எலுமிச்சை, மின்பகுப்பு மூன்றும் வேண்டாம். களிம்பை மட்டும் கரைக்கும் அமிலம் என்று ஒன்று இல்லை. களிம்புக்குள்தான் கோலத்தின் நுண்வரி நிற்கிறது, களிம்பு போனால் வரியும் போகும். ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடும் பழக்கமும் கெடுதலே, எண்ணெய் மெல்ல அமிலமாகிச் செம்பைத் தின்னும். காய்ச்சி வடித்த நீர், மென்மையான பிரஷ், மூங்கில் பல்குச்சி இவை போதும். குச்சி மண்ணைவிடக் கடினம், களிம்பைவிட மென்மை. பியூட்டரைத் தண்ணீரிலும் நீண்ட நேரம் விடாதீர்கள், வெளிறிப் பொடியாகத் தொடங்கியது இன்னும் உதிரும். அதில் ஈயமும் கலந்திருக்கும், கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பக்கிளோடு தோல் துண்டு ஒட்டியிருந்தால் விதி தலைகீழ்: காயவிடக் கூடாது. வந்த ஈரத்தோடேயே மூடிய பையில் வைத்துப் பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுக்க வேண்டும்.

காய்ந்த பொருளில் சில வாரம் கழித்து வெளிர்பச்சைப் பொடி துளிர்த்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. மண்ணின் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு பக்கமும் பக்கவாட்டுத் தோற்றமும் மி.மீ. அளவுகோலோடு படம் வேண்டும். எடை, நீளம், அகலம், கனம் எழுதுங்கள். கிடைத்த இடத்தைக் குறிக்கும் பிரிட்டன் வரைபடக் கட்ட எண் 8 இலக்கம் என்றால் 10 மீட்டர் துல்லியம், 10 இலக்கம் என்றால் ஒரு மீட்டர். பத்து இலக்கமே எடுங்கள், போன் காட்டிவிடும். அதை அந்த வட்டாரத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொண்டுபோனால் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் பொதுத் தரவுத்தளத்தில் ஏறும். நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் போக வேண்டிய இடமும் அந்தத் தரவுத்தளம்தான், விற்பனைத் தளங்கள் இல்லை. விற்பவருக்கு எல்லாமே டியூடர்.

சட்டம் பட்டனையும் விடாது. இங்கிலாந்து, வேல்ஸில் 1996 புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் 10 விழுக்காடாவது தங்கமோ வெள்ளியோ உள்ள, நாணயம் அல்லாத பொருள் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் புதையல்தான். ஆகவே வெள்ளி டியூடர் கொக்கி, அந்த இரண்டு இதய வெள்ளிக் கைப்பட்டன் எல்லாம் 14 நாளுக்குள், புதையலை விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டியவை. முலாம் பூசிய செம்புக் கொக்கி இந்தக் கணக்கில் வராது, முலாம் எடையில் 10 விழுக்காட்டை எட்டாது. நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் எங்கும் நடக்க முடியாது, பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அவர் அனுமதி மட்டும் போதாது, அரசின் எழுத்து அனுமதியும் வேண்டும். ஸ்காட்லாந்தில் விதி வேறு, பழம்பொருள் எந்த உலோகமானாலும் தெரிவித்தாக வேண்டும். ஊரில் ஒரு டிடெக்டர் வாங்கிப் பார்க்கலாமா என்று நினைக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.